கானோ கடிதத்தின் இரண்டாம் பக்கம்

மகனே, நம்பினால் நம்பு, நாற்பது வருடத்துக்கு முன்னால் தாராவியில் உன் வாப்பாவைத் தேடி வந்த அதே இரண்டு நாடும், நைஜீரியாவும் ஜெர்மனியும், இப்போது ஒரே வாரத்தில் உன்னைத் தேடி வந்திருக்கின்றன!

நேற்று மத்தியானம் நீ போன் பண்ணியபோது நான் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தேன். "உம்மா, லாகோஸ்ல ஒண்ணு, ஜெர்மனில ஒண்ணு. ரெண்டும் கோல்டு ஸ்டோரேஜ் வேலைதான். சண்டேக்குள்ள பதில் சொல்லணும். எது பெட்டர்னு நீயே சொல்லிரு" என்றாய். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஃபிளாட் மராத்திக்காரம்மா "காய் ஜாலா?" என்று, என்ன ஆனதோ எனப் பதறி ஓடி வந்துவிட்டாள். பின்னாலேயே நீ அனுப்பிய அட்டவணை வந்தது. சம்பளம், வரி, வாடகை, மின்சாரம், விமானக் கட்டணம் என்று எத்தனை கட்டம்! விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன். மீன் காந்திப்போனதுகூடத் தெரியவில்லை. அப்புறம் என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, லாகோஸ் மார்க்கெட்டில் ஒரு பெண் நடந்துகொண்டே தக்காளி விலை சொல்லும் வீடியோ, ஜெர்மனியில் ஒரு கோயம்புத்தூர்ப் பையன் கத்தரிக்காய் விலையைக் காட்டி அலறும் வீடியோ என்று ஒன்றையும் விடவில்லை. ஆனால் பதிலை போனில் சொல்ல மாட்டேன். இணையத்தில் எல்லோரும் வந்து பார்க்கிற இந்த என் பக்கத்திலேயே எழுதுகிறேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வராத ஒன்று இதில் இருக்கிறது. நடுவில் போன் போட்டு நிறுத்தாமல் கடைசிவரை படி.

எண்பதுகளில் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியாது. பத்தொன்பது வயதில் மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி தாராவிக்கு வந்தவள். ஒரே அறை, மேலே ஏணி வைத்து ஏறுகிற பலகைத் தளம், அதில் நானும் உன் வாப்பாவும், கீழே மாமி, உன் வாப்பாவின் உம்மா. மற்றப் பெண்கள் சினிமாக்காரர்களுக்கு ரசிகையாக இருந்த நேரத்தில் நான் நாடுகளுக்கு ரசிகையாக இருந்தேன்! ஒரு சிற்றலை ரேடியோ இருந்தது. வெளிநாடுகளிலிருந்து வரும் தமிழ் ஒலிபரப்பு, அப்புறம் அரைகுறையாகப் புரியத் தொடங்கிய இந்தி ஒலிபரப்பு, எல்லாவற்றையும் கேட்பேன், கேட்டதற்கெல்லாம் கடிதம் போடுவேன். அவர்கள் காலண்டர் அனுப்புவார்கள், பனி மலை படம் போட்ட புத்தகம் அனுப்புவார்கள். தபால்காரர் சந்து முனையிலேயே நின்று "ஓ ஃபாரின் வாலி பாபி!" என்று, வெளிநாட்டு அண்ணி என்று, கூப்பிடுவார். அந்தக் கூப்பாட்டைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? மாமி மட்டும், "காக்காசுக்குப் பிரயோசனம் இல்ல. உலகத்துல உள்ள காலண்டரெல்லாம் வருது, நம்ம வீட்டுக் கிழமை மட்டும் மாற மாட்டேங்குது" என்பார்கள். ரேடியோவில் நேயர் கடிதம் வாசிக்கும்போது முகவரியும் சொல்வார்கள். அப்படித்தான் எனக்கு இரண்டு பேனா நட்பு கிடைத்தது. ஒருவர் நைஜீரியாவில் கானோ என்ற ஊரில் பள்ளிக்கூடத்து ஆசிரியை, நாகர்கோவில்காரர். நான் டீச்சரக்கா என்று எழுதுவேன். இன்னொருவர் மேற்கு ஜெர்மனியில் அகதியாக இருந்த ஓர் இலங்கைத் தமிழர். அவர் எனக்கு அண்ணன்.

உன் வாப்பா தாராவியிலேயே பிறந்தவர். முனிசிபல் இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தமிழ் பேசுவார், திருநெல்வேலித் தமிழ் தண்ணியாக ஓடும். ஆனால் அன்றைக்கு ஓர் எழுத்து தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே வருகிற கடிதத்தையெல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வேன். பட்டறையில் தோல் வெட்டிவிட்டு வந்து, கையில் ரப்பர் சொல்யூஷன் பசையை உருட்டி எடுத்துக்கொண்டே, தலையைச் சாய்த்துக் கேட்பார். அந்த அறையில் நான் சொல்வதை எல்லோரும் வாய் மூடிக் கேட்கிற நேரம் அது ஒன்றுதான். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்.

அப்போதுதான் இரண்டு வேலையும் வந்தன. பட்டறைச் சேட்டிடம் கைப்பை வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மன்காரர் ஒருவர், வாப்பா வெட்டின மாதிரிப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஆறு மாதப் பயிற்சிக்குத் தன் ஊருக்கு வரச் சொன்னார். தனியாகத்தான் போகவேண்டும். அதே சமயம் சேட்டின் சொந்தக்காரருக்குக் கானோவில் தோல் பை ஃபாக்டரி. அங்கே இரண்டு வருடத்துக்கு ஃபோர்மேன் வேலை, குடும்பத்தோடு போகலாம். எது வேண்டாம் என்கிறாரோ அது, கூட வேலை பார்த்த சுடலைமுத்து மாமாவுக்கு. சேட் இரண்டு மாதம் தவணை கொடுத்தார். சந்தே இரண்டாகப் பிரிந்துவிட்டது! "பாய், நிய்யி ஜெர்மனிக்குப் போ, எனக்கு ஆப்பிரிக்காவ விட்ரு. அங்க வெயிலாம்லா, நமக்கு என்ன புதுசா?" என்று சுடலை மாமா கேலி பண்ணுவார். "வே, அங்க சிங்கம் இருக்குமே" என்பார் வாப்பா. "இருக்கட்டும் வே. நம்ம சேட்டுகிட்டயே எட்டு வருசம் ஓட்டியாச்சு, சிங்கம் என்ன செஞ்சிரும்?"

நான் விட்டுவிடுவேனா? இரண்டு பேனா நட்புக்கும் ஒரே மாதிரிக் கேள்விகளை எழுதிப் போட்டேன். குழாய் வீட்டுக்குள்ளேயா, வெளியிலா? ஒரு கிலோ அரிசி வாங்க எத்தனை மணி நேரம் வேலை செய்யவேண்டும்? காய்ச்சல் வந்து படுத்தால் அன்றைய கூலி உண்டா? முதலாளியோடு சண்டை வந்தால் வீடும் போய்விடுமா? இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, சந்தில் வாழ்ந்த வாழ்க்கைதான் சொல்லிக்கொடுத்தது. பதில் வருவதற்குள் ரேடியோவைக் கேட்டுக் கேட்டு எனக்கே ஒரு பொருளாதாரம் பிடிபட்டிருந்தது. நைஜீரியாவின் காசெல்லாம் பெட்ரோலில் வருகிறது. ஒரே சேட்டுக்கு மட்டும் பை தைக்கிற பட்டறை மாதிரி. சேட் சிரித்தால் பிரியாணி, சேட் முகத்தைத் திருப்பினால் பட்டறை மூடல். ஜெர்மனி அப்படியில்லை. அது கார் செய்யும், மருந்து செய்யும், மெஷின் செய்யும், ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும். இதை நான் குழாயடியில் விளக்கிச் சொன்னபோது குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்! இன்றைக்கும் அந்தக் கணக்கு தப்பில்லை. ஆனால் ஒரு நாட்டின் நிலைமை வேறு, அந்த நாட்டில் ஒரு வீட்டின் நிலைமை வேறு என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

கடிதங்கள் வந்தன. இரண்டையும் நான் முதலில் தனியாக மேலே ஏறி உட்கார்ந்து படித்தேன். டீச்சரக்காவின் கடிதம் கெட்டியாக இருந்தது. முதல் பக்கம் முழுக்கக் குறை. மின்சாரம் நின்று நின்று வருகிறது, பெட்ரோல் எண்ணெய் விலை இறங்கியதிலிருந்து கடையில் சோப்புக்கும் பால்பவுடருக்கும் வரிசை, ஊருக்குப் பணம் அனுப்ப அனுமதி தாமதமாகிறது, பாலைவனப் புழுதி வந்தால் சோற்றிலும் மண். இரண்டாம் பக்கம் இப்படி இருந்தது: "குறையெல்லாம் சொல்லிவிட்டேன், இனி நிறையைக் கேள் தங்கச்சி. மூன்று அறை வீடு தருகிறார்கள், உள்ளேயே குழாய், முற்றத்தில் மாமரம். நான் படுத்துவிட்டால் பக்கத்து வீட்டு ஹவுஸாக்காரம்மா, இந்த ஊர்க்காரிதான், கஞ்சி கொண்டுவருவாள். உன் வீட்டுக்காரரை மட்டும் அனுப்பாதே, நீயும் வா. எங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள். உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது, நீ சும்மா இருக்கிற ஆள் இல்லை." ஜெர்மனி அண்ணன் ஒரே தாளில் எழுதியிருந்தார். "ரோட்டு, பஸ், ஆஸ்பத்திரி எல்லாம் திறம் தங்கச்சி. காய்ச்சலெண்டு படுத்தாலும் சம்பளம் வருமாம். ஆனால் எனக்கு வேலை செய்ய அனுமதியில்லை. ஒரு அறையில் நாலு பேர். வடிவான ஊர், கதைக்க ஒருத்தரும் இல்லை. ஆறு மாதத்துக்கெண்டு வாறவர் அதை யோசிச்சு வரட்டும்."

சாயங்காலம் வாப்பா, மாமி, சுடலை மாமா மூன்று பேரும் உட்கார்ந்திருக்க நான் வாசித்தேன். மகனே, கானோ கடிதத்தின் முதல் பக்கத்தை வாசித்துவிட்டு மடித்துவிட்டேன். "அவ்வளவுதானா? கவரு கெட்டியா இருந்துச்சே" என்றார்கள் மாமி. "மீதியெல்லாம் நல விசாரிப்புதான் மாமி" என்றேன். ஜெர்மனிக் கடிதத்தில் முதல் இரண்டு வரியை வாசித்துவிட்டு அதையும் மடித்தேன். வாப்பா கையில் ஒட்டியிருந்த பசையை உருட்டி எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "சரி புள்ள. நிய்யி படிச்சவ. ஜெர்மனிக்கே போறேன்னு சொல்லிருதேன்" என்றார். சுடலை மாமா தொடையில் தட்டி, "சிங்கத்த நான் பாத்துக்கிடுதேன் பாய்" என்றார்.

ஏன் அப்படிச் செய்தேன்? இத்தனை வருடமாக வெவ்வேறு காரணம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். உண்மை சின்னதுதான். ஆப்பிரிக்கா என்றதும் சந்தில் எல்லோருக்கும் இருந்த பயம் எனக்கும் இருந்தது. ரேடியோ கேட்கிறவள் என்பதால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அந்த ஹவுஸாக்காரம்மாவின் கஞ்சியைப் படித்த பிறகும் அது போகவில்லை. ஜெர்மனி என்றதும் காலண்டர் படம் கண்ணில் நின்றது. தபால்காரர் நாளைக்கு ஜெர்மன் தபால்தலையோடு வந்து ஃபாரின் பாபி என்று கூப்பிடுவார் என்று காது காத்திருந்தது. இன்னொன்றும் உண்டு. உனக்கு எது இஷ்டம் என்று அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள் என்று தெரிந்ததால், கையில் இருந்த ஒரே அதிகாரத்தை, வாசிக்கிற அதிகாரத்தை, திருட்டுத்தனமாகப் பயன்படுத்தினேன். எனக்கு வந்த வேலையையும் அதே கையால் மடித்து, கடிதங்கள் போட்டு வைக்கிற தகர டப்பாவுக்குள் போட்டேன்.

வாப்பா போனார். தமிழ் எழுதத் தெரியாதவர் ஆனதால் கேசட்டில் பேசி அனுப்புவார். அது வந்தால் அறை கொள்ளாது, சந்து முழுக்க வாசலில் நிற்கும். "ரோடு கண்ணாடி மாதிரி இருக்கு புள்ள. பஸ்ஸு சொன்ன நிமிசத்துல வருது. சுவத்துலயே ஹீட்டர் வச்சிருக்கான். போன வாரம் காய்ச்சல்ல படுத்தேன், டாக்டரு வந்து பாத்தாரு, சம்பளம் வெட்டல!" என்று அவர் சொன்னதும் பட்டறைக்காரர்கள் எல்லோரும் கையைத் தட்டினார்கள். கூலி வெட்டாமல் காய்ச்சல் வரலாம் என்பது எங்களுக்கு அப்படி ஓர் அதிசயம். கேசட்டின் கடைசியில் அவர் நிறுத்த மறந்துவிட்ட கொஞ்ச நேரம் ஓடியது. இருமல், நாற்காலி நகர்கிற சத்தம், அப்புறம் வெறுமை. கூட்டம் கலைந்த பிறகு நான் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன். ஊருக்கெல்லாம் கேட்கும் என்று அவரும் பாதியை விட்டுவிட்டுத்தான் பேசுகிறார் என்று எனக்கு அப்போது விளங்கியது. ஆறு மாதம் கழித்துக் கன்னம் ஒட்டி வந்தார். நல்ல கைவேலை கற்றிருந்தார், அதில்தான் நீ படித்தாய், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஆறு மாதத்தில் தன்னோடு யாரும் பத்து வார்த்தை பேசவில்லை என்பதை அவர் வெகு காலம் கழித்துத்தான் சொன்னார்.

சுடலை மாமாவும் இசக்கி அத்தையும் கானோவுக்குப் போய், இரண்டு வருடத்துக்கு மேல் இன்னொரு வருடமும் நீட்டி, மூன்று வருடம் இருந்துவிட்டு வந்தார்கள். நீ தொட்டிலில் கிடந்தாய். பார்க்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கதை சொன்னார்கள். அந்த ஊர்ப் பணத்தின் மதிப்பு விழுந்த விழுகையில் சேர்த்தது பாதி கரைந்துவிட்டதாம். "அங்க சம்பாதிச்சத அங்கயே தின்னுட்டு வந்துட்டோம் பாய். ஆனா நல்லா தின்னோம் வே!" என்றார் மாமா. இசக்கி அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, டீச்சரக்கா உன்னயத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாவ. அவளுக்கு வேலை ரெடியா இருக்குன்னு எழுதுனேனே, ஏன் வரலன்னு. கடசில அந்த வேலையத்தான் எனக்குத் தந்தாவ" என்றாள். "என்ன வேலை?" என்றார் வாப்பா. "தையல் டீச்சரு அண்ணே. வீடு, கொழாயி எல்லாம் லெட்டர்ல எழுதியிருந்தாவளாமே?" வாப்பா என்னைப் பார்க்கவில்லை. உன் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் டப்பாவில் கடிதம் இல்லை. அவர் அதை எடுத்துக்கொண்டு தமிழ்க் கடைகள் இருக்கிற மாட்டுங்கா வரைக்கும் நடந்து போய், முன்பின் தெரியாத ஒரு டைப்பிங் கடைக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். தாராவியிலேயே தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் தன் பெண்டாட்டி செய்தது தெருவுக்குத் தெரியக்கூடாது என்று அவ்வளவு தூரம் போயிருக்கிறார். மத்தியானம் வந்து சாப்பிட உட்கார்ந்தார். "ரெண்டாம் பக்கம் நல்லாத்தான் எழுதியிருக்காவ" என்றார். "நான் வந்து..." என்று ஆரம்பித்தேன். "சோறு போடு" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் மாட்டுங்காவிலிருந்தே ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து, உன்னை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டத் தொடங்கினார். வாப்பாவுக்குத் தமிழ்மேல் எவ்வளவு பிரியம், வேலைக்குப் போய்க்கொண்டே படித்தாரே, உங்களுக்கும் சொல்லிக்கொடுத்தாரே என்று நீயும் உன் தங்கையும் பெருமையாகச் சொல்வீர்கள். நான் ஒவ்வொரு தடவையும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். காரணம் இதுதான் மகனே.

இதையெல்லாம் எழுதிவிட்டு வெளியே போடுவதற்கு முன்னால் அவரிடமே போனைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். படித்து முடித்து, "போடு. அவன் பொண்டாட்டிய ஒரு வார்த்தை கேட்டானான்னு கேளு" என்று சொல்லிவிட்டு டீ கேட்டார். நான் துள்ளிக் குதிக்காத குறை! உடனே உன் அட்டவணையை மறுபடி திறந்து பார்த்தேன். இருக்கிற அத்தனை கட்டத்திலும் அவளுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. அவள் இங்கே பல் மருத்துவமனையில் பார்க்கிற வேலையை லாகோஸில் பார்க்க முடியுமா, ஜெர்மனியில் பார்க்க எத்தனை பரீட்சை எழுதவேண்டும், அவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் கதவைத் தட்டுவார்கள், எதுவும் இல்லை. நாட்டுக்கு நாடு ஒப்பிடுவது எவ்வளவு சுவாரசியம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நிறையப் பார், நிறையப் படி. ஆனால் போன் பண்ணி என்னைக் கேட்காதே ராசா. உன் உம்மா எது நல்லது என்று ஒரு தடவை முடிவு செய்துவிட்டாள், அது போதும். இன்றைக்கே அவளை உட்காரவைத்து, வாயை மூடிக்கொண்டு கேள். அவள் லாகோஸ் என்றால் லாகோஸ் ஏன் என்று கேள், ஜெர்மனி என்றால் ஜெர்மனி ஏன் என்று கேள், ரெண்டும் வேண்டாம் என்றால் அதையும் கேள்.

இதைப் படிக்கிற மற்றவர்களே, உங்களிடமும் கேட்கிறேன். லாகோஸிலும் ஜெர்மனியிலும் குடியிருக்கிற, குடியிருந்த பெண்கள் உங்களுக்குத் தெரிந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். குழாய், கரண்டு, வேலை, அக்கம்பக்கம், தனிமை, நல்லது கெட்டது எதையும் மறைக்காமல் கீழே எழுதச் சொல்லுங்கள். என் மகனுக்கு எழுத வேண்டாம். என் மருமகளுக்கு எழுதுங்கள். அவள் தமிழ் நன்றாகப் படிப்பாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.